மெட்ராஸ் 1992: சீரத்தில் ஒட்டாத காலராக் கிருமி

கொருக்குப்பேட்டை கேட்
நவம்பர் 12, இரவு 9:14

காலரா வரலாறுன்னு எதைத் திறந்தாலும் ரெண்டே ஆளு. ஜான் ஸ்னோ 1854-ல லண்டன்ல அடிபம்பு கைப்பிடியைக் கழட்டினார், காலரா நின்னுச்சு. ராபர்ட் கோக் 1884-ல கல்கத்தாவுல கிருமியைப் பிடிச்சார், கதை முடிஞ்சுது. நடுவுல நம்ம ஊரு எங்க? 1992 அக்டோபர்ல மெட்ராஸ்ல கிளம்பின புது வகை வேலூர், மதுரை, கல்கத்தான்னு போய் சில மாசத்துல வங்கதேசத்தையும் புரட்டிப் போட்டுது. தண்டையார்பேட்டை தொத்துநோய் ஆஸ்பத்திரி வாசல்ல தினம் பஸ் ஏறுறவங்கள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்?

கேள்வி இதுதான். காலராக் கிருமியை அதோட மேல்சட்டையை வெச்சு ஓ1, ஓ2-ன்னு நம்பர் போட்டுப் பிரிப்பாங்க. அதுவரைக்கும் கொள்ளைநோய் காலரான்னா ஓ1 வகை மட்டும்தான். ஓ1-ஐ அடையாளம் காட்டுற சீரத்துல கிருமி ஒட்டித் திரியலன்னா “காலரா இல்லை”ன்னு எழுதி அனுப்பிடுவாங்க. அப்படின்னா இதை எப்படி விடாம பிடிச்சாங்க? லேப்ல இருக்கிறவங்க படிப்படியா சொல்லுங்க. “அயராத உழைப்பு” மாதிரி மொட்டையா வேணாம்.

அகார் தட்டு
நவம்பர் 12, இரவு 10:20

படிப்படியாவே சொல்றேன். எந்த இடத்துல தவறிப்போயிருக்கும்னு அப்பதான் விளங்கும்.

மல மாதிரி எடுக்கிறது ஆன்டிபயாடிக் போடுறதுக்கு முன்னாடி. உடனே லேப்புக்கு வராதுன்னா கேரி-பிளேர்னு மாதிரியைக் கெடாம அனுப்புற ஊடகத்துல பஞ்சுக் குச்சியைச் சொருகி அறை வெப்பத்துலயே அனுப்பணும். ஃபிரிட்ஜ்ல வைக்கக் கூடாது. இந்தக் கிருமிக்குக் குளிர் ஆகாது. ரொம்ப லேப்ல வளராமப் போறதுக்கு இதான் காரணம்.

அடுத்தது காரப் பெப்டோன் நீர். பெப்டோன் 1 சதம், உப்பு 1 சதம், பிஹெச் 8.5 பக்கம். குடல்ல இருக்கிற மத்த கிருமிங்க அந்தக் காரத்துல திணறும், விப்ரியோ (காலராக் கிருமியோட இனம்) மட்டும் துள்ளும். 37 டிகிரியில 6-லேர்ந்து 8 மணி நேரம். விப்ரியோவுக்குக் காத்து வேணும், அதனால மேல வந்து ஆடை மாதிரி படியும். கம்பி வளையத்தை மேல்மட்டத்துல தொட்டு எடுக்கணும். குழாயைக் குலுக்கிட்டு அடியிலேர்ந்து எடுத்தா காரியம் கெட்டுது. ராத்திரி பூரா விட்டாலும் மத்ததுங்க வளந்து மூடிடும்.

அங்கேர்ந்து டிசிபிஎஸ் தட்டு. தயோசல்பேட், சிட்ரேட், பித்த உப்பு, சுக்ரோஸ், பிஹெச் 8.6. பச்சைக் கலர் தட்டு. காலராக் கிருமி சுக்ரோஸைப் புளிக்க வெச்சு அமிலமாக்கும், அதனால காலனி மஞ்சளா, தட்டையா, 2-லேர்ந்து 4 மி.மீ. இருக்கும். மீன், எறால்லேர்ந்து வர்ற பாராஹீமோலிடிகஸ்ங்கிற இன்னொரு விப்ரியோ பச்சையாவே நிக்கும். இந்த ஊடகத்தை ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவி) பண்ணக் கூடாது, கொதிக்க வெச்சு ஊத்தணும், அவ்ளோதான். புதுசா சேர்ற பையன் எல்லாரும் ஒரு தடவை இதை ஆட்டோகிளேவ்ல போட்டு வீணாக்குவான்.

மஞ்சள் காலனி வந்ததும் ஆக்சிடேஸ்ங்கிற நொதி இருக்கான்னு பாக்கத் தோணும். டிசிபிஎஸ் தட்டுலேர்ந்து நேரா பாக்காதீங்க, அங்க இருக்கிற அமிலம் பொய்யா நெகட்டிவ் காட்டும். சாதா நியூட்ரியன்ட் அகாருக்கு மாத்தி, அதுல பாருங்க. கூடவே நூல் சோதனை: கண்ணாடித் தகட்டுல 0.5 சத சோடியம் டீஆக்ஸிகோலேட் ஒரு சொட்டு, அதுல காலனியைக் குழைச்சு ஒரு நிமிஷத்துக்குள்ள வளையத்தைத் தூக்கினா கோந்து மாதிரி 2, 3 செ.மீ. நூல் எழும்பும்.

கடைசியாத்தான் ஓ1 சீரம். ஒரு சொட்டு சலைன், ஒரு சொட்டு சீரம், ரெண்டுலயும் கிருமியைக் கரைக்கணும். சலைன்லயே திரிஞ்சா அந்த சோதனை செல்லாது. சீரத்துல மட்டும் திரிஞ்சா காலரா.

1992-ல இது எல்லாமே சரியா வந்துச்சு. காரத்துல வளந்துச்சு, மஞ்சள் காலனி, ஆக்சிடேஸ் பாசிட்டிவ், நூல் எழும்புச்சு. சீரம் மட்டும் ஒட்டல.

அகார் தட்டு
நவம்பர் 12, இரவு 10:41

மேல விட்டுப்போன ஒண்ணு. இன்னொரு கண்ணியும் இருந்துச்சு. விப்ரியோவா, அது மாதிரியே தெரியுற ஏரோமோனாஸ்ங்கிற கிருமியான்னு பிரிக்க ஓ/129-ன்னு மருந்து ஊறின ஒரு வட்டு வைப்பாங்க. விப்ரியோவை அது தடுக்கும், ஏரோமோனாஸைத் தடுக்காது. அந்தக் காலத்துப் பாடப்புத்தக விதி. மெட்ராஸ்ல வந்த கிருமி அந்த வட்டுக்கு மசியல. ஆக, சீரமும் இல்ல, வட்டும் இல்ல. அட்டவணையை வெச்சு மட்டும் வேலை பாக்கிற லேப்பா இருந்தா “ஏரோமோனாஸ்”னு எழுதி மூடியிருக்கும்.

ஏன் மசியலன்னு பின்னாடி தெரிஞ்சுது. டிரைமெத்தோபிரிம்ங்கிற ஆன்டிபயாடிக்கை எதிர்க்கிற ஜீன் அந்த வட்டையும் எதிர்க்கும். அந்த ஜீனைச் சுமந்துட்டு வந்த மரபுத் துண்டுக்கு எஸ்எக்ஸ்டின்னு பேர் வெச்சாங்க. 1996-ல வால்டரும் கூட்டாளிங்களும் அதை முதமுதல்ல விவரிச்சது மெட்ராஸ்லேர்ந்து போன எம்ஓ10 கிருமியை வெச்சுத்தான். இன்னைக்கும் உலகத்துல எந்தக் காலரா லேப்லயும் எம்ஓ10-ன்னா தெரியும்.

கொருக்குப்பேட்டை கேட்
நவம்பர் 12, இரவு 11:05

சரி, சீரமும் ஒட்டல, வட்டும் ஏமாத்துது. அப்புறம் எதை வெச்சு காலரான்னு அடிச்சு சொன்னாங்க?

டெக்ஸ்ட்ரோஸ்
நவம்பர் 13, காலை 6:32

வார்டை வெச்சு. ஓ1 அல்லாத விப்ரியோ அங்கொண்ணு இங்கொண்ணா வயித்துப்போக்கு கொடுக்கும். கூட்டமாக் கொண்டுவந்து படுக்கையை நிரப்பாது. இங்கே அரிசி கழுவின தண்ணி மாதிரி போக்கு, கண்ணு உள்ள போய், நாடி கிடைக்காம வரிசையா வந்தாங்க. இன்னொண்ணு வயசு. காலரா வழக்கமா இருக்கிற ஊர்ல பெரியவங்களுக்கு ஏற்கனவே ஓரளவு எதிர்ப்பு இருக்கும், குழந்தைங்கதான் அதிகம் மாட்டும். இந்தத் தடவை பெரியவங்க நிறைய. பழைய எதிர்ப்பு எதுவும் இதுக்கிட்ட செல்லலன்னு அர்த்தம். அப்ப கிருமியோட மேல்சட்டை புதுசு.

ஜீனைத் தேடிப் பாத்தப்ப பேதியை உண்டாக்குற விஷமான காலரா டாக்சினோட ஜீன் உள்ளே இருந்துச்சு. அதோட பேச்சு முடிஞ்சுது. அப்ப தெரிஞ்ச ஓ வகை மொத்தம் 138. எல்லா சீரத்தோடயும் வெச்சுப் பாத்தாங்க, எதுலயும் ஒட்டல. அதனால 139-வது. ஓ139.

காசிமேடு காத்து
நவம்பர் 13, காலை 7:50

புட்சது மெட்ராஸு, பேரு மட்டும் “பெங்கால்”. இன்னாபா நாயம் இது?

அகார் தட்டு
நவம்பர் 13, காலை 8:15

வங்காள விரிகுடாக் கரையோரமா பரவுச்சுன்னு வெச்ச பேரு. காசிமேடும் அந்தக் கரைதான். கோச்சுக்காதீங்க.

ஏழுகிணறு
நவம்பர் 13, மாலை 5:47

தொடக்கப் பதிவில் ஸ்னோ பற்றிச் சொன்னதற்கு வருகிறேன். கைப்பிடியைக் கழற்றியதால் காலரா நின்றது என்பது சரியல்ல. கழற்றியது செப்டம்பர் 8. அந்தப் பம்பு இருந்த பிராட் தெருவில் சாவு உச்சத்தைத் தொட்டது செப்டம்பர் முதல் இரண்டு மூன்று நாட்களில். கைப்பிடி போவதற்குள் தெருவில் முக்கால்வாசிப் பேர் ஊரைவிட்டு ஓடிவிட்டார்கள், சாவும் இறங்கிவிட்டது. இதை ஸ்னோவே எழுதியிருக்கிறார். மொத்தம் 616 பேர் இறந்தார்கள். கிணற்றில் கழிவு கலந்த வழியைக் கண்டுபிடித்தவர் அவரல்ல, ஹென்றி வைட்ஹெட் என்ற பாதிரியார். 40-ஆம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தைக்குப் பேதி. துணி அலசிய தண்ணீரை வீட்டு மலக்குழியில் ஊற்றினார்கள். குழிக்கும் கிணற்றுக்கும் இடைவெளி மூன்று அடிகூட இல்லை, குழியின் செங்கல் கட்டும் சிதைந்திருந்தது.

ஸ்னோவின் உண்மையான சாதனை தெற்கு லண்டனில். ஒரே தெரு, அடுத்தடுத்த வீடுகள், ஒரு வீட்டுக்கு ஒரு கம்பெனித் தண்ணீர், பக்கத்து வீட்டுக்கு வேறு கம்பெனித் தண்ணீர். சவுத்வார்க்-வாக்ஸ்ஹால் கம்பெனி லண்டனுக்குள்ளேயே தேம்ஸ் நதியில் எடுத்தது. லாம்பெத் கம்பெனி 1852-இல் மேல்நீரோட்டத்துக்கு, தேம்ஸ் டிட்டனுக்கு, மாறியிருந்தது. முதல் கம்பெனியின் 40,046 வீடுகளில் 1,263 சாவு. இரண்டாவதன் 26,107 வீடுகளில் 98. பத்தாயிரம் வீட்டுக்கு 315-க்கு 37.

இதில் ஒரு சிக்கல். குடியிருப்பவர்களுக்குத் தங்கள் வீட்டுத் தண்ணீர் எந்தக் கம்பெனியுடையது என்று தெரியாது. கட்டணம் வீட்டுக்காரர் கட்டுவார். எந்தக் கம்பெனி என்று தெரியாத வீடுகளில் ஸ்னோ சிறு குப்பியில் தண்ணீர் பிடித்து சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்தார். லாம்பெத் தண்ணீரில் ஒரு காலனுக்கு 0.95 கிரெய்ன் சாதா உப்பு, மற்றதில் 37.9. இன்றைய கணக்கில் லிட்டருக்குச் சுமார் 14 மி.கி.யும் 540 மி.கி.யும். ஒன்றில் லேசாகப் புகைபோல மங்கும், இன்னொன்றில் வெள்ளையாகத் திரிந்து இறங்கும். தராசே வேண்டாம், கண்ணால் பார்த்தாலே போதும்.

ஸ்னோ சாவுகளைக் குறித்த வரைபடத்தையும் கைப்பிடியையும் எல்லாரும் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தக் குப்பிகள்தான் கண்டுபிடிப்பு.

காசிமேடு காத்து
நவம்பர் 13, இரவு 8:26

சில்வர் நைட்ரேட்டு பள்ளிக்கூட லேப்லயே கீது. அத்த வெச்சு நம்ம ஏரியா போர் தண்ணில சாக்கடை கலந்துகீதான்னு பாக்கலாமா?

ஏழுகிணறு
நவம்பர் 13, இரவு 9:33

இங்கே பலிக்காது. லண்டனில் அந்தச் சோதனை நின்றதற்குக் காரணம், ஒரு தண்ணீரில் உப்பு ஏறக்குறைய இல்லவே இல்லை. வடசென்னையில் நிலத்தடி நீரே உப்பு. மீஞ்சூர் பக்கம் அளவுக்கு மீறி உறிஞ்சியதில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. எண்ணூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை போர்களில் சில்வர் நைட்ரேட் விட்டால் பெரும்பாலும் பாலாகத்தான் திரியும். அது கடலா, சாக்கடையா என்று அந்த வெள்ளை சொல்லாது.

சாக்கடை கலந்ததா என்று பார்க்கக் கைக்கு எட்டுவது ஹைட்ரஜன் சல்பைடு குப்பி. குவாலியரில் மஞ்சாவும் உடன் வேலை செய்தவர்களும் 1982-இல் வெளியிட்ட முறை. குப்பிக்குள் ஊடகம் ஊறிக் காய்ந்த காகிதம் இருக்கும். கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடி, நம் ஊர் அறை வெப்பத்திலேயே 24 முதல் 48 மணி நேரம் வைக்க வேண்டும். கறுத்தால் மலக்கழிவு கலந்திருக்கக்கூடும் என்று பொருள். இரண்டு எச்சரிக்கை. ஊற்றின சில நிமிடத்திலேயே கறுத்தால் தண்ணீரிலேயே சல்பைடு இருக்கிறது, அந்த முடிவு செல்லாது. அழுகின முட்டை வாடை அடிக்கும் போர்களில் இப்படி ஆகும். மற்றது, கறுக்கவில்லை என்பதால் காலராக் கிருமி இல்லை என்று ஆகாது. விப்ரியோ இந்த சல்பைடை உண்டாக்காது.

கொருக்குப்பேட்டை கேட்
நவம்பர் 14, காலை 9:02

கோக் பத்தி யாரும் வாயே தொறக்கலையே. அவரையும் கழட்டி வெச்சுட்டீங்களா?

அகார் தட்டு
நவம்பர் 14, பகல் 1:18

கழட்டல. ஆனா முதல்ல பாத்தது அவர் இல்ல. ஃபிளாரன்ஸ்ல ஃபிலிப்போ பாசினி 1854-லயே செத்தவங்க குடல்ல அந்தக் கிருமியைப் பாத்து எழுதிட்டார். ஸ்னோ வீடு வீடா தண்ணி பிடிச்ச அதே வருஷம். ஒருத்தரும் கண்டுக்கல. கோக் செஞ்சது அதைத் தனியாப் பிரிச்சு வளத்தது. 1883-ல எகிப்து போனார், அங்க நோய் வடிஞ்சுட்டு இருந்துச்சு. போட்டிக்கு வந்த பிரெஞ்சுக் குழுவுல துய்லியே காலராவுலயே செத்துப்போனார். கோக் டிசம்பர்ல கல்கத்தா வந்து, ஜனவரியில தனிக் கிருமியா வளத்துட்டார்.

டிசம்பர்ல வந்ததுல ஒரு விஷயம் இருக்கு. அவர் ஜெலட்டின் தட்டுல வேலை பாத்தார். ஜெலட்டின் 25 டிகிரி தாண்டினா இளக ஆரம்பிச்சுடும். மே மாசக் கல்கத்தாவுல தட்டு முழுக்கத் தண்ணியாத்தான் இருந்திருக்கும். காலராக் கிருமி தன்னைச் சுத்தி ஜெலட்டினைக் கரைச்சுக் குழி பறிக்கும். அந்தக் குழியும், கண்ணாடித் தூள் மாதிரி மினுங்குற காலனியும்தான் அவருக்கு அடையாளம். ஈரத் துணியில பேதியைத் தடவி வெச்சா ஒரே நாள்ல அந்தக் கிருமி மத்ததைவிட எக்கச்சக்கமாப் பெருகுதுன்னும் பாத்தார். வைட்ஹெட் கண்ட குழந்தைத் துணியை இதோட சேத்துப் பாருங்க.

ஆனா அவரே வகுத்த விதிப்படி, வளத்த கிருமியைக் கொடுத்து ஒரு மிருகத்துக்கு அதே நோயை வரவழைக்கணும். எந்த மிருகத்துக்கும் வரல. எதிராளிங்களுக்கு அது போதுமா இருந்துச்சு.

டெக்ஸ்ட்ரோஸ்
நவம்பர் 14, பகல் 2:05

அந்த எதிராளிங்கள்ல மூத்தவர் மியூனிக் பெட்டன்கோஃபர். மண்ணும் பருவமும் சேராம கிருமி மட்டும் நோய் தராதுன்னு கட்சி. 1892 அக்டோபர் 7-ந்தேதி, காலராக் கிருமி வளத்த திரவத்தைக் குடிச்சே காட்டினார். வயித்து அமிலம் கொன்னுடுச்சுன்னு யாரும் சாக்கு சொல்லக் கூடாதுன்னு முன்னாடியே சோடா உப்புக் கரைசலும் குடிச்சார். லேசான பேதியோட தப்பிச்சார். பத்து நாள் கழிச்சு அவர் சிஷ்யர் எம்மரிச் குடிச்சார், அவருக்குக் கொஞ்சம் கடுமையாவே போச்சு.

சோடா உப்புக் குடிச்சதுல அவர் யோசனை சரி. பின்னாடி தன்னார்வலர்களை வெச்சுப் பாத்தப்ப, வெறும் தண்ணியில கிருமி கோடிக்கணக்குல போனாத்தான் நோய். சோடா உப்போட போனா சில ஆயிரத்துலேர்ந்து சில லட்சம் போதும். நெஞ்செரிச்சல் மாத்திரையை வருஷக்கணக்கா போடுறவங்களுக்கு ஆபத்து அதிகம்னு சொல்றதும் இதனாலதான்.

காசிமேடு காத்து
நவம்பர் 14, பகல் 2:11

வாத்தியார் குட்ச்சாரு சரி. சிஷ்யன் எதுக்குபா குட்ச்சான்?

அகார் தட்டு
நவம்பர் 14, இரவு 10:48

மிருக விஷயத்துக்குத் திரும்புறேன். 1884-லேர்ந்து 1950-கள் வரைக்கும் இந்தப் பூட்டு திறக்கல. எல்லாரும் கிருமியை ரத்தத்துலயோ வயித்துக் குழிக்குள்ளயோ ஊசியாப் போட்டாங்க. முயல் செத்துச்சு, ஆனா பேதி ஆகல. செத்த கிருமியோட உடம்புல இருக்கிற விஷம்தான் காரணம்னு முடிவு கட்டி அதுலயே சுத்திட்டு இருந்தாங்க.

கல்கத்தாவுல சம்பு நாத் டே அதைக் குடலுக்குள்ள வெச்சார். 1953-ல முயல் சிறுகுடல். ரத்த ஓட்டம் அறுபடாம குடலோட ஒரு துண்டை ரெண்டு பக்கமும் நூலால கட்டி, கட்டின துண்டுக்குள்ள கிருமித் திரவத்தைப் போட்டு வயித்தைத் தெச்சுட்டார். மறுநாள் திறந்தா அந்தத் துண்டு மட்டும் தண்ணி ரொம்பி புடைச்சு நிக்குது. பக்கத்துலயே கிருமி போடாம கட்டின துண்டு சப்பையா கிடக்குது. அதே முயல், அதே குடல், ஒப்பிட வேற மிருகமே வேணாம். கட்டு தளர்ந்தா திரவம் கசிஞ்சு பக்கத்துத் துண்டும் ரொம்பும். முடிச்சு ரத்தக்குழாயை நெரிச்சா துண்டு கறுத்துடும், அந்த முயல் கணக்குல வராது.

1959-ல அடுத்த படி. கிருமியே இல்லாம வடிகட்டின திரவத்தை மட்டும் போட்டார். அப்பவும் ரொம்புச்சு. அப்ப கிருமி உசிரோட வெளிய கக்குற ஏதோ ஒண்ணு குடலைத் தண்ணி கொட்ட வைக்குது. காலரா டாக்சின் அதுதான். சுத்தமாப் பிரிச்சு எடுத்தது 1969-ல ஃபிங்கல்ஸ்டைன் குழு. டே 1985-ல காலமானார். நோபல் வாங்கின ஜோஷுவா லெடர்பெர்க் இவர் பேரை நோபலுக்குப் பரிந்துரை பண்ணியும் கிடைக்கல. பெர்லின்லயோ பாரிஸ்லயோ பொறந்திருந்தா கிடைச்சிருக்கும்னு சொல்ல வரல, ஆனா பாடப்புத்தகத்துல ஒரு வரியாவது போடலாம்.

1992-க்கு இதுல சம்பந்தம் இருக்கு. டே இல்லன்னா டாக்சின் இல்ல, டாக்சின் தெரியலன்னா ஜீன் இல்ல, ஜீன் இல்லன்னா சீரம் ஒட்டாத கிருமியைக் காலரான்னு சொல்ல ஆதாரமே இல்ல.

டெக்ஸ்ட்ரோஸ்
நவம்பர் 15, காலை 7:20

டே முயலை நானும் தொட்டுக்கறேன், சிகிச்சைப் பக்கத்துலேர்ந்து. குடல் தோல் உரிஞ்சு போறதாலதான் பேதின்னு நூறு வருஷமா நம்பினாங்க. செத்தவங்க குடலைப் பாத்து வந்த நம்பிக்கை. செத்த கொஞ்ச நேரத்துல குடல் தோல் தானாவே உரியும்! 1960-ல கங்கரோசா குழு பாங்காக்ல உயிரோட இருக்கிற நோயாளிங்க குடல்லேர்ந்து சின்னத் துணுக்கு எடுத்துப் பாத்தது. தோல் அப்படியே இருந்துச்சு. தோல் இருந்தா உறிஞ்சுற வேலையும் இருக்கும். சர்க்கரையும் உப்பும் குடல்ல கைகோத்துத்தான் உள்ள போகும்னு ராபர்ட் கிரேனும் அதே வருஷம் சொன்னார். வாய் வழியாக் குடிக்கிற உப்புச் சர்க்கரைக் கரைசல், அதாவது ஓஆர்எஸ், நிக்கிறது இந்த ரெண்டு மேலதான்.

சலைன் கதை இன்னும் பழசு. 1832-ல ஸ்காட்லாந்து லீத்ல தாமஸ் லாட்டா ரத்தக்குழாய்ல உப்புத்தண்ணி ஏத்தினார். முதல் நோயாளி ஒரு வயசான அம்மா. அரை மணியில ஆறு பைன்ட், மூணு லிட்டருக்கு மேல. பேச்சு வந்துச்சு, முகம் தெளிஞ்சுது. தேறிட்டாங்கன்னு லாட்டா கிளம்பினார். பேதி திரும்ப ஆரம்பிச்சு, சில மணி நேரத்துல போயிட்டாங்க. போனதை ஈடு கட்டினார், போயிட்டே இருக்கிறதைக் கணக்குல வைக்கல. அதுக்காக வந்ததுதான் நடுவுல ஓட்டை போட்ட கான்வாஸ் கட்டிலும் கீழே அளவுக்கோடு போட்ட வாளியும். வாளியில எவ்வளவு விழுதோ அவ்வளவு உள்ள போகணும். கடுமையான காலராவுல மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போகும்.

இன்னைக்குக் கணக்கு: அதிர்ச்சி நிலையில வந்த பெரியவங்களுக்கு ரிங்கர் லாக்டேட்ங்கிற டிரிப் கிலோவுக்கு 100 மி.லி. அதுல 30 மி.லி. முதல் அரை மணியில, மீதி 70 அடுத்த ரெண்டரை மணியில. 50 கிலோ ஆளுக்கு 5 லிட்டர். வெறும் நார்மல் சலைன் மட்டும் ஓட்டினா காரமும் பொட்டாசியமும் ஈடாகாது. குடிக்க முடிஞ்ச உடனே ஓஆர்எஸ் கூடவே ஆரம்பிக்கணும்.

டெக்ஸ்ட்ரோஸ்
நவம்பர் 15, காலை 7:44

ஓஆர்எஸ் யார் கண்டுபிடிப்புன்னு சண்டை வரும் முன்னாடி: கல்கத்தாவுல ஹேமேந்திர நாத் சாட்டர்ஜி 1953-லயே 186 பேருக்கு வாய் வழியாக் கொடுத்து எழுதினார். ஒப்பிட்டுப் பாக்க வேறொரு கூட்டம் இல்லன்னு யாரும் மதிக்கல. டாக்காவுல நாலினும் கேஷும் 1968-ல வாளி அளந்து நிரூபிச்சாங்க. 1971-ல மேற்கு வங்கத்துல பங்கான் அகதி முகாம்ல திலீப் மஹலானபிஸ் குழு, சலைன் தீர்ந்துபோன நேரத்துல, லிட்டருக்கு குளுக்கோஸ் 22 கிராம், உப்பு 3.5, சோடா உப்பு 2.5-ன்னு டிரம்ல கரைச்சுக் குடிக்கக் கொடுத்தாங்க. 30 சதம் வரைக்கும் இருந்த சாவு 3.6-க்கு இறங்கிச்சு. இப்ப பொட்டலத்துல உப்பு 2.6, குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9.

வீட்டுல நடக்கிற தப்பு ஒண்ணுதான்: ஒரு லிட்டர் பொட்டலத்தை டம்ளர்ல கொட்டுறது. கெட்டியாப் போனா குடல் இன்னும் தண்ணியை வெளிய இழுக்கும், குழந்தைக்கு ரத்தத்துல உப்பு ஏறும். 200 மி.லி. பொட்டலமும் விக்கிறாங்க, மேல பாத்துட்டுக் கரைங்க. பொட்டலம் கிடைக்கலன்னா ஒரு லிட்டருக்கு டீஸ்பூன் தலை தட்டி சர்க்கரை ஆறு, உப்பு அரை. கண்ணீரைவிட உப்பு கரிச்சா கொட்டிட்டு வேற கரைங்க. உப்பு போட்ட கஞ்சித் தண்ணியும் நல்லது.

காசிமேடு காத்து
நவம்பர் 15, இரவு 7:15

பழைய கிருமி எப்டி புது சட்டை மாட்டிச்சு? அத்த யாரும் சொல்லல.

அகார் தட்டு
நவம்பர் 15, இரவு 9:50

உங்க ஏரியா சமாச்சாரம்தான், நண்டு ஓடு.

ஓ139 புதுசா முளைச்ச இனம் இல்ல. உள்ள பாத்தா அன்னைக்கு ஊரெல்லாம் இருந்த எல் டோர்ங்கிற ஓ1 ரகம்தான். மேல்சட்டையைப் பின்னுற ஜீன் தொகுப்பு மட்டும் மொத்தமா மாறியிருக்கு, கூட ஒரு மெல்லிய உறையும். கைட்டின் மேல ஒட்டி வளரும்போது காலராக் கிருமி வெளியில கிடக்கிற டிஎன்ஏவை உள்ள இழுத்துக்கும்னு 2005-ல கண்டுபிடிச்சாங்க. நண்டு, எறால், கண்ணுக்குத் தெரியாத கோபிபாட் பூச்சி எல்லாத்துக்கும் ஓடு கைட்டின்தான். 2007-ல பிளோகெஷும் ஸ்கூல்னிக்கும் கைட்டின் மேல வளந்த ஓ1 கிருமிக்கு ஓ139 டிஎன்ஏவைக் கொடுத்தாங்க. ஓ1 ஓ139-ஆ மாறிடுச்சு. 1992-ல எந்த உப்பங்கழியில அது நடந்துச்சுன்னு ஆதாரம் இல்ல. கூவம், எண்ணூர்னு யாராவது கதை கட்டினா நம்பாதீங்க. நடக்கக்கூடிய வழி இதுன்னு மட்டும் நிக்குது.

ஏழுகிணறு
நவம்பர் 16, காலை 10:10

கோபிபாட் பேச்சு வந்ததால். ரீட்டா கோல்வெல் குழு வங்கதேச கிராமங்களில் சேலைத் துணியால் தண்ணீர் வடிகட்டச் சொல்லிப் பார்த்தது. 2003-இல் வெளியான முடிவில் காலரா 48 சதம் குறைந்திருந்தது. தனிக் கிருமி எந்தத் துணியிலும் நிற்காது. கிருமி ஒட்டியிருக்கும் கோபிபாட் நிற்கும். துணி பழைய பருத்திச் சேலையாக இருக்க வேண்டும். துவைத்துத் துவைத்து நூல் பிசிறி இடைவெளி அடைந்திருக்கும். புதுச் சேலையில் இடைவெளி பெரிது. பாலியஸ்டரில் பிசிறே வராது. நாலு முதல் எட்டு அடுக்கு வரும்படி மடிக்க வேண்டும். வடித்தபின் துணியைப் புரட்டி அலசி வெயிலில் காயவைக்க வேண்டும்.

குளத்து நீர் குடிக்கும் ஊருக்கு அது சரி. குழாயும் லாரியும் வரும் ஊருக்குக் குளோரின்தான்.

கொருக்குப்பேட்டை கேட்
நவம்பர் 16, இரவு 8:40

ஏழுகிணறு சார், அந்தக் குளோரின் கணக்கையும் போட்டுடுங்க. மழைக்காலம், தெருவுல பள்ளம் தோண்டிப் போட்டிருக்கான். எங்க குடியிருப்பு சம்ப் 12,000 லிட்டர்.

ஏழுகிணறு
நவம்பர் 16, இரவு 10:25

முதலில் பள்ளம். நாள் முழுக்க அழுத்தம் இருக்கும் குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியேதான் பீறிடும். விட்டுவிட்டு வரும் குழாயில் தண்ணீர் நின்றதும் உள்ளே வெற்றிடம். பள்ளத்தில் தேங்கினது உள்ளே போகும். அதிலும் வீட்டுக்கு வீடு மோட்டார் வைத்து உறிஞ்சினால் கேட்கவே வேண்டாம். ஆகவே தண்ணீர் திறந்த முதல் பத்து நிமிடத்தைச் சம்ப்புக்குள் விடாதீர்கள்.

கணக்கு: லிட்டருக்கு 2 மி.கி. குளோரின் வேண்டும் என்றால் 12,000 லிட்டருக்கு 24 கிராம். புது பிளீச்சிங் பவுடரில் 30 சதம் குளோரின், ஆக 80 கிராம். மூட்டை பிரித்து மாதக்கணக்கில் ஈரக்காற்றில் கிடந்ததென்றால் 15 சதம்கூட இருக்காது, அப்போது 160 கிராமும் போதாமல் போகலாம். அதனால் எடையை நம்பாமல் தண்ணீரில் மிஞ்சும் குளோரினை அளங்கள்.

பவுடரை நேராகச் சம்ப்பில் கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் குழம்பாகக் கரைத்து, தண்ணீர் சேர்த்து, பத்து நிமிடம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் இறங்கும். மேலே தெளிந்ததை மட்டும் சம்ப் நிரம்பிக்கொண்டிருக்கும்போது ஊற்றுங்கள். அரை மணி கழித்து, சம்ப்பில் அல்ல, மேல்தொட்டியிலிருந்து கடைசியாக வரும் வீட்டுக் குழாயில் குளோரோஸ்கோப் என்ற நிறம் பார்க்கும் கருவியில் பாருங்கள். லிட்டருக்கு 0.2 மி.கி.க்குக் கீழே என்றால் இன்னொரு பங்கு. 0.5 இருந்தால் நிம்மதி. தண்ணீர் கலங்கலாக இருந்தால் சேறே குளோரினைத் தின்றுவிடும். படிய வைத்துத் தெளியவிட்டு அப்புறம் போடுங்கள்.

காசிமேடு காத்து
நவம்பர் 16, இரவு 10:31

வாட்சுமேன் கையில பவுடர் குட்த்தா ஒரு கிலோ கொட்டுவான். குளிச்சா முடி வெள்ளையாயிடும்.

ஏழுகிணறு
நவம்பர் 16, இரவு 10:36

80 கிராம் பிடிக்கும் டப்பாவை ஒருமுறை எடை போட்டுக் கோடு கிழித்து அதை மட்டும் அவரிடம் கொடுங்கள். மூட்டை செயலாளர் வீட்டில், மூடியுள்ள டிரம்மில், வெயில் படாத இடத்தில்.